பின்பக்கக் குழாய்

அந்தப் பச்சைப் பையைப் பாத்துத்தான் கண்ணு இங்க வந்து உக்காந்தேன். பஸ்ல முன்னாடி சீட்டு காலியாத்தான் கிடந்துச்சு. ரெண்டு கை சேர்ந்து தண்ணி ஏந்துற படம், கீழ டிரஸ்ட் பேரு. என் வீட்டிலயும் ஒண்ணு இருக்கு, வெங்காயம் போட்டு வச்சிருக்கேன். சேலத்துக்குத்தானே? அஞ்சு நாள் பயிற்சி, அந்த மாடி ஹாலு? போ, போ. சாப்பாடு நல்லா இருக்கும். மூணாம் நாள் கேசரி போடுவாங்க.

தண்ணி சுத்தம் பண்ற மெஷினு உங்க ஊருக்கு வந்திருச்சா, இனிமேதானா? யாரு பேர்ல? உன் பேர்லயேவா. நல்லது. என் பேர்லயும்தான் இருந்துச்சு. தண்ணிக்கார பெருமாயின்னு கேட்டா எங்க பக்கம் மூணு ஊருல கையைக் காட்டுவாங்க. இப்ப எடுத்துட்டாங்க. ஏன் எடுத்தாங்கன்னு பயிற்சியில ஒரு கதை சொல்வாங்க. பேரைச் சொல்ல மாட்டாங்க. ஒரு ஊர்ல ஒரு அம்மா இப்படிப் பண்ணிட்டாங்கன்னு ஆரம்பிப்பாங்க. அந்த அம்மா நான்தான். யாரோ சொல்லி நீ கேக்கிறதுக்கு நானே சொல்லிட்டா தேவலை இல்லையா. தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். கேளு.

எங்க ஊரு சென்னப்பன்கொட்டாய். பென்னாகரம் ரோட்டை விட்டு உள்ள போகணும். போர்த் தண்ணியில ஃபுளோரைடு. அந்த வார்த்தை என் வாயில நுழையவே ஒரு வருசம் ஆச்சு. அதுக்கு முந்தி எங்களுக்குத் தெரிஞ்சது பல்லு மஞ்சளாகும், அம்பது வயசுல முதுகு பலகை ஆயிரும், அவ்வளவுதான். பொண்ணு பாக்க வர்றவன் ஏதாவது வேடிக்கை சொல்லி மொதல்ல சிரிக்க வச்சுப் பாப்பான். என் வீட்டுக்காரரு தோள்ல இருந்து துண்டு விழுந்தா குனிய மாட்டாரு. முழுசா உக்காந்து எடுத்துக்கிட்டு எந்திரிப்பாரு. அவரு போயி அஞ்சு வருசம் ஆச்சு.

அவரு போன மறு வருசம் டிரஸ்ட்காரங்க வந்தாங்க. நிவேதிதா மேடம்னு ஒரு பொண்ணு, மெட்ராஸ். ஜெயசீலன்னு ஒரு இன்ஜினியர் சாரு. மெஷினுக்குப் பணம் குடுத்தது அமெரிக்காவில இருக்கிற ஒரு டாக்டரம்மா. அவங்க அம்மா எங்க பக்கத்துல பொறந்தவங்களாம், கடைசிவரைக்கும் வளைஞ்ச முதுகோட இருந்து செத்தாங்களாம். அவங்க நினைவா வச்ச கல்லு இப்பவும் கட்டடத்துல இருக்கு. தொறப்பு விழாவுக்கு அந்த டாக்டரம்மாவே வந்தாங்க. மொதல் டம்ளர் தண்ணியை நான்தான் பிடிச்சுக் குடுத்தேன். குடிச்சுட்டு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க கண்ணு. அவ்வளவு பணக்காரங்க, என் கையில மாட்டுச்சாணி நாத்தம்கூடப் போயிருக்காது.

பயிற்சியில என்ன சொன்னாங்க தெரியுமா, நமக்கு இதுல பேரே வேற. சமூகத் தொழில்முனைவோர். உனக்கும் மார்ல குத்திக்க அட்டை குடுப்பாங்க பாரு. இது தர்மமும் இல்ல, வியாபாரமும் இல்ல, ரெண்டுக்கும் நடுவிலன்னாங்க. நான் கையைத் தூக்கி, நடுவிலன்னா எந்தப் பக்கம் சாய்றதுன்னு கேட்டேன். ஹாலே சிரிச்சுச்சு. நிவேதிதா மேடமும் சிரிச்சுட்டு, நல்ல கேள்வின்னு சொல்லி போர்டுல எழுதுனாங்க. அதுக்குள்ள டீ வந்துருச்சு.

மெஷினை ஜெயசீலன் சாரு பிரிச்சுக் காட்டினாரு. போர்த் தண்ணி உள்ள போகுது. சவ்வு மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல பிழிஞ்சு ஒரு பக்கம் நல்ல தண்ணி வருது. இன்னொரு பக்கம் ஒரு குழாய், அதுல மிச்சம் போகுது. நாலு குடம் உள்ள போனா ரெண்டு குடம் நல்லது, ரெண்டு குடம் மிச்சம். நான் யோசிச்சுப் பாத்துட்டு, சாரே இது மோர் கடையிற மாதிரி, வெண்ணெய் ஒரு பக்கம் மோர் ஒரு பக்கம்னு சொன்னேன். அவரு என்ன சொல்லியிருக்கணும்? சிரிச்சுக்கிட்டே, கிட்டத்தட்ட அப்படித்தாம்மான்னாரு. பின்னால விசாரணை வச்சப்ப அதைச் சொல்லு சாருன்னேன், ஞாபகம் இல்லைன்னுட்டாரு.

எங்க மாமியார் வீட்டில பன்னெண்டு மாடு. நான் வாழப் போனப்ப எனக்குச் சொன்ன மொதல் சட்டமே இதுதான். பாலை விக்கலாம், வெண்ணெயை விக்கலாம், மோரை விக்கக் கூடாது. மோரு கேட்டு ஏனத்தோட வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பக் கூடாது. காலையில கடைஞ்சு முடிக்கிறதுக்குள்ள கொல்லைப்பக்கம் பத்து ஏனம் காத்துக்கிட்டு இருக்கும். எல்லாம் காலனிக்காரங்க. ஊத்தி ஊத்திக் கை வலிக்கும். ஆனா மாமியார் இருக்கிற வரைக்கும் ஒரு நாள் நிறுத்தினது இல்ல. மழை பொய்ச்சு மாடெல்லாம் வித்தப்ப எனக்குப் பாலு போச்சேன்னு வருத்தம் இல்ல, கொல்லைப்பக்கம் வர்றவங்களுக்கு என்ன சொல்றதுன்னுதான் வருத்தம்.

அப்படிப் பழகுன கை. மிச்சத் தண்ணி ராவும் பகலும் சாக்கடையில போறதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா என்னால? சாரு சொன்னாரு, ஆமா சொன்னாரு, நான் இல்லைன்னு சொல்லல. பாத்திரம் கழுவலாம், கக்கூசுக்கு ஊத்தலாம், செடிக்கு விடலாம், குடிக்க வேண்டாம்னாரு. நான் நினைச்சேன், கம்பெனிக்காரங்க அப்படித்தான் சொல்வாங்க, அதையும் குடிக்கலாம்னா முன்பக்கம் காசு குடுத்து நல்ல தண்ணிக் கேன் எவன் வாங்குவான்? அதுவும் இல்லாம அது என்ன வெளியூர்த் தண்ணியா? எங்க போர்த் தண்ணி. எங்க அப்பன் பாட்டன் குடிச்ச தண்ணி. நல்லதை எடுத்துக்கிட்டா பழைய தண்ணி பழைய தண்ணியாத்தானே இருக்கும்? தயிர்ல வெண்ணெய் எடுத்துட்டா மோரு விஷமா ஆயிருமா? நீயே சொல்லு.

ஆயிருமாம். மிச்சத்துல அந்த ஃபுளோரைடு கெட்டியாயிருமாம். அதை அன்னைக்கு யாரும் எனக்கு இந்த மாதிரி சொல்லல.

கொத்தனாரைக் கூப்பிட்டு, என் கைக்காசு போட்டு, கட்டடத்துக்குப் பின்னால ஒரு குழாய் வச்சேன். காலனிக்காரங்களுக்குன்னே வச்சேன். நான் வித்தியாசம் பாக்கிறவ இல்ல கண்ணு, பாத்தா குழாய் வைப்பேனா? அவங்க வசதிக்குத்தான் பின்பக்கம். முன்பக்கம் வரிசையில நின்னா நாலு பேரு நாலு பேசுவான், அது அவங்களுக்குத்தானே சங்கடம். குடிக்கிறதுக்கு உகந்தது அல்லன்னு டிரஸ்ட்காரங்க ஒரு போர்டு எழுதினாங்க. எழுதுறவன் வந்து முன்பக்கச் சுவத்துல எழுதிட்டுப் போயிட்டான். பின்னால வர்றவங்க யாரும் முன்னால வந்தது இல்ல. வந்திருந்தாலும் படிக்கிறவங்க யாரு இருக்கா.

மொத நாள் வந்தவ மாதம்மா. என் மச்சினர் காட்டுல களை எடுக்கிறவ. இடுப்புல மூணு வயசுப் பொண்ணு, சந்தியா, துருதுருன்னு இருக்கும். அதுவரைக்கும் அவங்க ஒன்றரை மைலு நடந்து சென்றாயன் தோட்டத்துக் கிணத்துல எடுத்துக்கிட்டு இருந்தாங்க. திறந்த கிணறு. மழைத் தண்ணி ஊறுற கிணறு. வெயில்ல குடத்தோட அவங்க நடந்து போறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்காது. மாதம்மா குழாய்கிட்ட நின்னு என்னைப் பாத்தா. குடிக்கலாமாம்மான்னு கேட்டா. நம்ம போர்த் தண்ணிதான், மோருன்னு நினைச்சுக்கோன்னு சொன்னேன். சிரிச்சுட்டுப் பிடிச்சுக்கிட்டுப் போனா. மறுநாள் இருபது குடம் வந்துச்சு. அதுக்கப்புறம் கிணத்துப் பக்கம் யாரும் போகல. கிணத்துல புதரு மண்டிருச்சு.

மூணு வருசம் கண்ணு. ஒரு நாள் நான் லீவு எடுத்தது இல்ல. டிரஸ்ட்ல மாசம் ஒருக்கா வந்து பாப்பாங்க. பின்பக்கக் குழாயைப் பாத்து நிவேதிதா மேடம் அசந்து போயிட்டாங்க. மத்த ஊர்ல எல்லாம் மிச்சத் தண்ணி சாக்கடையில போகுது, பெருமாயிம்மா ஒரு சொட்டு வீணாக்கல, சமூகத்துக்கே திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு வீடியோ எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புனாங்க. பாத்திரம் கழுவத்தான் எடுத்துட்டுப் போறாங்கன்னு அவங்க நினைச்சாங்களாம். குடம் குடமா யாரு பாத்திரம் கழுவுவா? அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. தர்மபுரியில மேடை போட்டு எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. உன் பையில ஒரு புத்தகம் இருக்கும் பாரு, வழவழன்னு. எடு. இதோ, அட்டையில. புதுசுல மாத்திட்டாங்கன்னாங்க, உனக்குப் பழசு வந்திருச்சு. குழாயில கையை ஏந்திக்கிட்டுச் சிரிக்குது பாரு. அதுதான் சந்தியா. அப்ப நாலு வயசு. கால் படத்துல விழல.

உள்ள வச்சிரு. பத்திரம்.

இலவச அட்டைன்னு ஒண்ணு குடுப்பாங்க உனக்கு. பத்து அட்டை. ஊர்ல ரொம்ப முடியாத பத்து வீட்டுக்கு முன்பக்கத் தண்ணி சும்மா குடுக்கணும், ஆளை நீயே தேர்ந்தெடுத்துக்கன்னு சொல்வாங்க. இதுதான் கஷ்டமான வேலை. யாருக்குக் குடுத்தாலும் மத்தவன் முறைப்பான். நான் ரொம்ப யோசிச்சுத்தான் குடுத்தேன். கோயில் பூசாரிக்கு ஒண்ணு. போர் இருக்கிற இடம் பஞ்சாயத்துத் தலைவரோட பங்காளி இடம், அவருக்கு ஒண்ணு. கரண்டு போனா லைன்மேன் வரணும். பால் சொசைட்டி, ரேஷன் கடை, என் மச்சினர். இப்படி நாலு பேரை அனுசரிச்சாத்தான் மெஷினு ஓடும். இல்லைன்னா மூணாம் மாசம் பூட்டிருவான். ஏழைக்குன்னு குடுத்து மெஷினை மூடினா ஏழைக்கு என்ன லாபம்? காலனிக்குத்தான் பின்பக்கம் இருக்கே. அதுக்கு அட்டையே தேவை இல்லையே.

மூணாவது வருசம் ஆடியில பள்ளிக்கூடத்துல டாக்டருங்க வந்து பிள்ளைங்களைப் பாத்தாங்க. அதுக்கு முந்தியே சந்தியா நடக்கிறது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. முட்டி ரெண்டும் இடிச்சுக்கும், பாதம் ரெண்டும் விலகிப் போகும். ஓடினா விழும். நான்கூட மாதம்மாகிட்ட, சத்து பத்தல, ராகிக் களி நிறையக் குடுன்னு சொல்லியிருக்கேன். டாக்டரு காலனிப் பிள்ளைங்க ஆறு பேரைத் தனியா நிக்க வச்சு எழுதிக்கிட்டாரு. ஊர்ப் பிள்ளைங்க ஒண்ணும் அதுல இல்ல. அதுலதான் சந்தேகம் வந்துச்சாம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே மதியச் சாப்பாடு, இது மட்டும் ஏன் இப்படின்னு. வீடு வீடாக் குடத்துல இருந்து தண்ணி எடுத்தாங்க. ஜெயசீலன் சாரு முகம் வெளுத்துப் போய் என்கிட்ட வந்தாரு. போர்ல இருக்கிறது ஒரு பங்குன்னா உங்க பின்பக்கக் குழாயில கிட்டத்தட்ட ரெண்டு பங்கும்மான்னாரு. அன்னைக்குத்தான் எனக்கு அந்தக் கெட்டிக் கணக்கு தெரியும். நான் அங்கயே மெஷினுக்கு முன்னால உக்காந்துட்டேன்.

விசாரணைன்னு பஞ்சாயத்து ஆபீசுல வச்சாங்க. போலீசு இல்ல, டிரஸ்ட் ஆளுங்களும் தாசில்தார் ஆபீசுல இருந்து ஒருத்தரும். நிவேதிதா மேடம் என்னைப் பாக்கவே இல்ல. காகிதத்தைப் பாத்துக்கிட்டே கேட்டாங்க. குடிக்கலாம்னு நீங்க சொன்னீங்களா? எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல கண்ணு. அவங்க கேக்கவே இல்ல மேடம், நானும் சொல்லலைன்னுட்டேன். அந்த நேரத்துக்கு அப்படி வந்துருச்சு. உன்கிட்ட சொல்றதுக்கென்ன, நீ எந்த ஊரோ நான் எந்த ஊரோ.

அடுத்து மாதம்மாவை நிக்க வச்சுக் கேட்டாங்க. குடிக்கலாமான்னு பெருமாயிம்மாகிட்ட கேட்டியான்னு. அவ என்னைப் பாத்தா. எனக்குப் பின்னால என் மச்சினர் உக்காந்திருந்தாரு. அவரையும் பாத்தா. கேக்கல சாருன்னு சொல்லிட்டா. பாத்தியா, அவ பிள்ளை அப்படிக் கிடக்கிறப்பவும் என்னைக் காட்டிக் குடுக்கல. அவ்வளவு பாசம் என் மேல. எத்தனை வருசப் பழக்கம்.

அப்புறம் அட்டைப் பேருங்களை வாசிச்சாங்க. பத்துப் பேரு. வாசிச்சு முடிச்சுட்டு நிவேதிதா மேடம் தாளைக் கீழ வச்சுட்டாங்க. அதுல என்ன தப்புன்னு எனக்கு இன்னமும் யாரும் விளக்கிச் சொல்லல. சாவியை வாங்கிக்கிட்டாங்க. அந்தப் பத்து அட்டையையும் பிடுங்கிக் காலனிக்குக் குடுத்தாங்க. டாக்டரம்மா அமெரிக்காவில இருந்து ஆறு பிள்ளைங்க வைத்தியத்துக்கும் தானே செலவு பண்றேன்னு சொல்லிட்டாங்க. மகராசி. ஆனா அந்த அட்டைக்கு ஒரு ஆளு வரல. முன்பக்கம் நல்ல தண்ணி சும்மா கிடக்கு, காலனிக்காரங்க திரும்பவும் சென்றாயன் கிணத்துக்கு நடக்கிறாங்க. புதரை வெட்டிட்டாங்க. அந்தக் கட்டடத்துல இருந்து வர்ற எதுவும் வேணாமாம்.

நான் சும்மா இருக்கல. மாதம்மா வீட்டுக்கே போனேன். அந்தத் தெருவுக்குள்ள நான் போனதே அதுதான் மொதத் தடவை. சந்தியா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. மாதம்மா என்னை உக்காரச் சொல்லல, போகவும் சொல்லல. எனக்கு அழுகை வந்துருச்சு. நான் என்னத்துக்கு மாதம்மா உனக்குக் கெடுதல் பண்ணப் போறேன், மூணு வருசம் ஊத்துனேனே, ஒரு பைசா கேட்டிருப்பேனான்னு கேட்டேன்.

அவ பிள்ளை தலையைக் கோதிக்கிட்டே சொன்னா, "காசு கேட்டிருந்தா நாங்க வந்திருக்கவே மாட்டோம்மா. கிணத்துக்கே போயிருப்போம்."

கோபமாச் சொல்லல. சத்தம்கூட உசத்தல. அதான் எனக்குப் பொறுக்கல. திட்டியிருந்தா நானும் நாலு திட்டிட்டு வந்திருப்பேன். சும்மா குடுத்தது குத்தம்னா என்ன பண்றது சொல்லு? வித்திருந்தா நான் நல்லவளா? ராத்திரி பகல் அதையேதான் நினைக்கிறேன், எந்தப் பக்கம் புரட்டினாலும் அந்தப் பேச்சு நேரா நிக்க மாட்டேங்குது.

இப்ப சேலம் பெரியாஸ்பத்திரியில சந்தியாவுக்கு ஒரு கால்ல எலும்பை வெட்டி நேராக்கி மாவுக்கட்டு போட்டிருக்காங்க. இன்னொரு கால் ஆறு மாசம் கழிச்சு. நேராகும்னு டாக்டரு சொல்றாரு, முழுசா ஆகும்னு சொல்லல. நான் ரெண்டு தடவை போய் வார்டு வாசல்ல நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன். மூணாந்தடவை, போன வியாழக்கிழமை, மாதம்மா சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரம், உள்ள போயிட்டேன்.

பிள்ளை என்னைப் பாத்ததும் முகம் மலர்ந்துச்சு கண்ணு. சத்தியமா. ஆஸ்பத்திரியில யாரு வருவாங்க அதுக்கு? ஆரஞ்சுப்பழம் குடுத்தேன், வாங்கி வச்சுக்கிச்சு. பக்கத்துல வாங்கன்னு கையாட்டி, ரகசியமா கேட்டுச்சு. "ஆயா, இங்க தண்ணி சப்புன்னு இருக்கு. நம்ம குழாய்த் தண்ணி கொண்டாந்தீங்களா?"

அதுக்கு அந்த ருசிதானே தெரியும். மூணு வயசுல இருந்து அதைத்தானே குடிச்சுது. பாரேன், பெரியவங்க ஆயிரம் பேசட்டும், அந்தக் குழந்தைக்கு என் மேல கோபமே இல்ல. நான் என்ன சொல்வேன்? குழாயை அடைச்சுட்டாங்கன்னு சொல்லவா? ஏன் அடைச்சாங்கன்னு கேக்குமே. ஏனத்தை நீட்டிக் கேக்கிறவங்களை இல்லைன்னு அனுப்பி எனக்குப் பழக்கம் இல்ல. அடுத்த வாரம் கொண்டாறேன் சாமின்னு சொல்லிட்டு வந்துட்டேன். வெளிய வராண்டாவில மாதம்மா சோத்துப் பொட்டலத்தோட எதிர்ல வந்தா. ஒதுங்கி எனக்கு வழி விட்டுட்டுச் சுவரைப் பாத்து நின்னா.

அந்த அடுத்த வாரம்தான் இன்னைக்கு.

இந்தா, இந்த பாட்டிலைக் கொஞ்சம் பிடி. பயப்படாத, இது நல்ல தண்ணி. முன்பக்கத் தண்ணி, இப்ப வச்சிருக்கிற பொண்ணுகிட்ட காசு குடுத்து வாங்குனேன். அதுல ஒரு சிட்டிகை உப்பும் துளி சுண்ணாம்புத் தெளிவும் போட்டிருக்கேன், அந்த ருசி வரட்டும்னு. வீட்டில நாலு தடவை கலக்கிக் குடிச்சுப் பாத்தேன். ஆனா எனக்கு எப்படித் தெரியும், நான் அந்தப் பின்பக்கத் தண்ணியை ஒரு நாளும் வாயில வச்சது இல்லையே.

நீ ஒரு வாய் குடிச்சுப் பாரு கண்ணு. குடிச்சுட்டுச் சொல்லு, சின்னப்பிள்ளைக்கு வித்தியாசம் தெரியுமா?